மடை ஒன்று, வயல் பல

தென்பாண்டிச் சீமையிலே, கண்மாய்ப் பாசனம் நடக்கும் ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. மடையைத் திறப்பவர் அவர், அடைப்பவரும் அவரே. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதைக் கண் பார்த்துக் கால் நடந்து பாய்ச்சிவிட்டு, அறுவடையிலே தம் பங்கை நெல்லாகப் பெற்றுக்கொள்பவர். கண்மாய் நிறைந்து தளும்பும் மாதங்களில் அவரை எவரும் நினைப்பதில்லை. நீர் இறங்க இறங்கத்தான் அவருடைய அருமை தெரியும். அவர் காட்டும் வரிசைக்கு 'முறை' என்று பெயர். முறை தவறினால் மண்வெட்டி மண்ணை மட்டும் வெட்டாது என்பதைக் கிராமத்திலே பிறந்த தோழர்கள் அறிவார்கள்.

நம் அறைகளிலே, செருப்பு அலமாரிக்கு மேலே, பச்சை விளக்குகள் கண் சிமிட்ட உட்கார்ந்திருக்கிறதே ஒரு சிறு பெட்டி, ரூட்டர் என்று பெயர் சொல்கிறோமே, அதுவும் ஒரு மடைதான். ஒரு கம்பியிலே வருவதை நாலு மேசைக்கும் எட்டுக் கைப்பேசிக்கும் பிரித்து அனுப்பும் மடை. ஆனால், தோழர்களே, அந்த மடைக்கு நீர்க்கட்டி யார்? பெட்டியா? பணம் கட்டியவரா? அல்லது ஒருவருமே இல்லையா? இந்தக் கேள்வியைத்தான் நம் மன்றத்தார் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் நிலை

நாம் படிப்புக்காகப் புனேக்கு வந்தவர்கள். விடுதியிலே இடம் கிடைத்தவர் சிலர், கிடைக்காதவர் பலர். கிடைக்காதவர்கள் ஔந்திலும் பாஷாணிலும் கட்கியிலும் நால்வர் ஐவராகச் சேர்ந்து வீடு பிடிக்கிறோம். எங்கள் வீட்டில் நால்வர். திருநெல்வேலிக்காரனாகிய நான், லாத்தூரிலிருந்து வந்த மராட்டியத் தோழர், ராஞ்சிக்காரர் ஒருவர், பாலக்காட்டுக்காரர் ஒருவர். மொழி நான்கு, அடுப்பு ஒன்று, இணைப்பும் ஒன்று. மாதக் கட்டணம் 600 ரூபாய், அதற்கு 18 சதவீதம் வரி 108 ரூபாய், ஆக 708. தலைக்கு 177 ரூபாய். இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசிலே உலகத்து நூலகங்களெல்லாம் வாசலுக்கு வருகின்றன என்றால், பங்கிட்டு வாழ்வதன் பயனை இதைவிடத் தெளிவாக யார் எடுத்துக்காட்ட முடியும்?

2004 அக்டோபரிலே இந்திய அரசு அகலப்பட்டைக் கொள்கையை வெளியிட்டபோது, நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது அகலப்பட்டை என்று வரையறுத்தது. 2013இல் அது 512 ஆயிற்று. 2023இல் 2 மெகாபிட் என உயர்ந்தது. எங்கள் கம்பியிலே வருவதோ 100 மெகாபிட். 2004இன் அளவுகோலால் அளந்தால் ஏறக்குறைய 390 வீடுகளுக்கு உரிய வேகத்தை நால்வர் வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் சண்டை வருகிறதே, ஏன்? யு.ஜி.சி. நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி இரவிலே பக்கம் திறக்க மறுக்கிறதே, ஏன்? ஊரிலிருந்து அம்மா பேசும்போது முகம் உறைந்து குரல் துண்டு துண்டாகிறதே, ஏன்? தண்ணீர் குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது. கண்மாய் நிறைந்திருக்கிறது. குறை வேறெங்கோ இருக்கிறது.

பெட்டி செய்யும் வேலை

முதலில் பெட்டியின் வேலையைப் பார்ப்போம். இணையத்திலே சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி வேண்டும். பழைய முறையிலே அந்த முகவரிக்கு 32 பிட் இடம்; ஆகவே மொத்தம் 429 கோடிச் சொச்சம் முகவரிகள்தாம் உண்டு. மக்கள் தொகையோ 800 கோடிக்கு மேல். உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த கடைசி முகவரிக் கட்டுகளும் 2011 பிப்ரவரியிலே பகிர்ந்து தரப்பட்டுவிட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பும் கடைசிக் கட்டுக்கு வந்துவிட்டது.

இந்தப் பஞ்சம் வரும் என்று முன்னரே உணர்ந்தவர்கள் 1994இல் ஒரு வழி சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு முகவரி. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு உள்முகவரிகள். ஒரு மாணவர் விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். தபால்காரருக்குத் தெரிந்தது விடுதியின் முகவரி ஒன்றுதான். எந்தக் கடிதம் எந்த அறையிலிருந்து போயிற்று என்பதை விடுதிக் காப்பாளர் ஒரு நோட்டிலே குறித்து வைக்கிறார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரிய அறைக்கு அனுப்புகிறார். ரூட்டர் செய்வதும் இதுவே. 192.168 என்று தொடங்கும் எண்களை உங்கள் கணினியில் பார்த்திருப்பீர்களே, அவை அறை எண்கள். இந்த ஏற்பாட்டைச் சொன்னவர்களே இதைச் சிறிது காலத்துக்கான உபாயம் என்றுதான் சொன்னார்கள். உபாயம் முப்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது! அதற்குள் 128 பிட் நீளமுள்ள புதிய முகவரி முறையும் வந்துவிட்டது. இந்தியா அதை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்று. முகவரிப் பஞ்சம் ஒருவழியாகத் தீரும்.

ஆனால், கம்பி? முகவரியைப் பெருக்கலாம், கம்பி ஒன்றுதானே? காப்பாளர் கடிதத்தை அறைக்கு அனுப்புவாரே தவிர, 'நீ ஒரு நாளைக்கு நூறு கடிதம் எழுதுகிறாய், அவன் ஒன்றுதான் எழுதுகிறான்' என்று எவரையும் கேட்கமாட்டார். கடையிலே வாங்கி வந்தபடி வைத்த ரூட்டர் பெரும்பாலும் அப்படித்தான். யாருக்கு எது என்று அதற்குத் தெரியும். யாருக்கு எவ்வளவு என்று தெரியாது.

நானூறு கெஜத்தில் நேர்ந்த நெரிசல்

1986 அக்டோபரிலே அமெரிக்காவில் ஒன்று நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் ஏறக்குறைய 400 கெஜம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த அந்த இணைப்பிலே வேகம் திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. எண்ணூறில் ஒரு பங்கு! கம்பி அறுபடவில்லை. இயந்திரம் எரியவில்லை. பின் என்ன? பொட்டலம் வழியிலே தொலைந்தால் மீண்டும் அனுப்பு என்பது கணினிகளுக்கு இடப்பட்ட கட்டளை. நெரிசல் வந்தது; பொட்டலங்கள் தொலைந்தன; ஒவ்வொரு கணினியும் மீண்டும் அனுப்பிற்று; நெரிசல் பெருகிற்று; மேலும் தொலைந்தன; மேலும் அனுப்பின. ஒவ்வொருவரும் தம் வேலையை விடாப்பிடியாகச் செய்ததாலேயே ஒருவர் வேலையும் நடக்கவில்லை.

வான் ஜேக்கப்சனும் மைக்கேல் காரெல்சும் இதை ஆராய்ந்து கண்ட தீர்வை 1988இல் வெளியிட்டார்கள். பெரிய கம்பி போடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. மெல்லத் தொடங்கு, தடையில்லாவிட்டால் சிறிது சிறிதாக வேகம் கூட்டு, பொட்டலம் தொலைந்தால், வழியிலே பிறரும் இருக்கிறார்கள் என்று அறிந்து உடனே வேகத்தைக் குறை. இவ்வளவுதான். உலகத்து இணையம் இன்று இயங்குவதற்கு ஆதாரம், காவலன் எவனும் நில் என்று சொல்லாமலே கோடானுகோடிக் கணினிகள் தாமாகக் கடைப்பிடிக்கும் அந்த அடக்கம். விஞ்ஞானத்திலே ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று கூறுவோர் இந்த வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்!

யாருக்கு எவ்வளவு?

அப்படியானால் சண்டை ஏன் தீரவில்லை? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. அந்த அடக்கம் தொடர்புக்குத் தொடர்பு. ஆளுக்கு ஆள் அன்று. ஒரு நெரிசலிலே இருபது தொடர்புகள் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைப் பெறும். மூன்று தோழர்கள் ஆளுக்கு ஒரு தொடர்பு வைத்திருக்கிறார்கள். நான்காமவர் டாரண்ட் வழியாகப் படம் இறக்குகிறார், அது 17 தொடர்புகளைத் திறக்கிறது என்று வையுங்கள். 100 மெகாபிட்டிலே மூவருக்கும் தலைக்கு 5. நான்காமவருக்கு மட்டும் 85! அவர் எவர் பங்கையும் பிடுங்கவில்லை, விதியையும் மீறவில்லை. பதினேழு குடத்தோடு வரிசையிலே நிற்கிறார், அவ்வளவுதான். கட்டுவது 177, கொள்வது 85. இதற்குச் சமத்துவம் என்று பெயரா?

இன்னொரு கோளாறும் உண்டு. பெட்டிக்குள்ளே பொட்டலங்கள் காத்திருக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. தொலையாமல் காப்பதற்காகக் கூடத்தைப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். மேலே அனுப்பும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் உள்ள ஓர் இணைப்பிலே, ஒருவர் கைப்பேசி நேற்றைய கல்யாணப் படங்களை மேகக் கிடங்குக்கு ஏற்றுகிறது. கூடத்திலே 2 மெகாபைட் தேங்கிவிட்டது என்றால், அடுத்து வரும் பொட்டலம் 1.6 நொடி காத்துக் கிடக்க வேண்டும். பேச்சுக்கு வேண்டுவது நொடிக்கு 100 கிலோபிட் அளவே. ஆனாலும் 'சாப்பிட்டாயா?' என்று அம்மா கேட்டதற்கு 'சாப்பிட்டேன்' என்ற பதில், அவர் அடுத்த கேள்வியைக் கேட்ட பிறகே போய்ச் சேருகிறது! இத்தேக்கத்துக்கு ஆங்கிலத்திலே பஃபர்புளோட் என்று பெயரிட்டார் ஜிம் கெட்டிஸ். 2012இல் கேத்லீன் நிக்கல்சும் வான் ஜேக்கப்சனும் இதற்கு மருந்து கண்டார்கள். அதையும், தொடர்புகளைத் தனித்தனி வரிசையாகப் பிரிக்கும் முறையையும் சேர்த்து அமைத்த ஏற்பாடு 2018இல் இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் இலவச மென்பொருளை ஏற்கும் ரூட்டர்களிலே அதை ஒரு மாலைப்பொழுதில் அமைத்துவிடலாம்.

ஆகவே பெட்டியைத் திருத்த வழி உண்டு. மனிதரை? 'நான் ஆராய்ச்சிக்காக இறக்குகிறேன், நீ சினிமாவுக்காக இறக்குகிறாய்' என்ற பேச்சு நம்மிடையே அடிக்கடி எழுகிறது. நானும் பௌதிக மாணவன்தான். ரேடியோ தொலைநோக்கியின் தரவு 40 கிகாபைட் என்றால், 100 மெகாபிட் கம்பியை முழுக்க அடைத்துக்கொண்டு ஏறக்குறைய 53 நிமிடம் வரும். ஆராய்ச்சி உயர்ந்தது என்பதாலே இரவு 9 மணிக்கு, மற்றவர் வீட்டாரோடு பேசும் வேளையிலே, மடையை அடைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? இல்லை. அதே தரவை இரவு 2 மணிக்கு வரும்படி ஏவிவிட்டுத் தூங்கினால் ஒருவருக்கும் நட்டமில்லை. முறை என்பதற்குப் பொருள் இதுதான். எவர் வேலை உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறுவதன்று; எவர் வேலை காத்திருக்க முடியும் என்று கேட்பது.

'ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டால் போகிறது' என்பார் சிலர். பணம் நான்கு மடங்கு ஆகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பங்கீடு அதனால் ஒழியுமா? வீட்டுக்கு வரும் கண்ணாடி இழையே பொதுவானது. இங்கே பரவலாக உள்ள ஜிபான் முறையிலே நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட் ஓடும் ஓர் இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்துத்தான் தருகிறார்கள். ஒரு வீட்டிலே நாலு வைஃபை பெட்டி வைத்தால் காற்றிலே சண்டை; 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலே ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. வீட்டுக்குள் பங்கிட மறுத்தவர் தெருவிலே பங்கிட்டுத்தான் ஆகவேண்டும். அங்கே பங்காளி யார் என்பதுகூடத் தெரியாது. முகம் தெரிந்தவரோடு பேசித் தீர்ப்பதே மேல்.

பெயர் யாருடையது?

இணைப்பு ஒருவர் பெயரிலே இருக்கிறது. வாடகை ஒப்பந்தமோ 11 மாதம்; மலிவாகக் கிடைக்கிறதென்று கட்டும் சந்தாவோ பெரும்பாலும் 12 மாதம். இடையிலே ஒருவர் படிப்பு முடிந்து போய்விடுகிறார். அவர் பங்கைத் திருப்பித் தருவதா, புதிதாக வருபவர் தருவதா? பேசி வைக்காததாலே முறிந்த நட்புகளை நான் பார்த்திருக்கிறேன். இது காசு விஷயம். இதைவிடப் பெரியது சட்ட விஷயம்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்திலே தொடர் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சற்று முன்னர் செய்தி நிறுவனங்களுக்கு வந்த மின்னஞ்சலின் தடத்தைப் பிடித்துச் சென்ற காவல்துறை, நவி மும்பையிலே குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டிலே போய் நின்றது. அவர் வீட்டு வைஃபை பூட்டில்லாமல் திறந்து கிடந்தது. யாரோ அதிலே நுழைந்து அனுப்பியிருந்தார்கள். 2009இல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நால்வரும் ஒரே முகவரிதான் என்று மேலே சொன்னேனே, அதன் மறுபக்கம் இது. ஒருவர் செய்வதற்கு நால்வர் வீட்டுக் கதவும் தட்டப்படும். கடவுச்சொல்லைக் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பது தாராளம் ஆகாது.

கதவுக்கு வெளியே

அப்படியானால் கதவைச் சாத்திக்கொள்வதா? எங்கள் கட்டடக் காவலாளியின் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பாட வீடியோ பார்க்க அவள் இணைப்புக் கேட்டால், சட்டம் என்று சொல்லி அனுப்பிவிடுவதா? இதற்கு விடை இந்த நகரத்திலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலே, நானாசாகேப் பேஷ்வா காலத்தில், காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வெட்டி நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது சனிவார் வாடா அரண்மனைக்கு மட்டும் போகவில்லை. பேட்டைகளிலே ஹௌத் என்னும் பொதுத் தொட்டிகள் கட்டி அவற்றுக்கும் விட்டார்கள். அரண்மனை வாசலைத் திறந்துவிட்டு 'உள்ளே வந்து மொண்டுகொள்' என்றார்களா? இல்லை. தெருவுக்கென்று தனித் தொட்டி கட்டினார்கள்.

ரூட்டரிலே விருந்தினர் இணைப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது அந்தத் தொட்டி. அதற்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். நம் கணினிகளை அது தொடாது. வேகத்துக்கும் வரம்பு வைக்கலாம். தெரிந்த குழந்தைக்கு, தெரிந்த நேரத்திலே, காசு வாங்காமல் அதைத் தரலாம். பொறுப்பு அப்போதும் நம்முடையதே. ஆகவே யாருக்குத் தருகிறோம் என்பதை நால்வரும் அறிந்து தரவேண்டும். முன்பின் அறியாதவர்க்கும் தர விரும்பினால் அதற்குப் பொது வழி இருக்கிறது. 2020 டிசம்பரிலே மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பி.எம்.வாணி திட்டத்தின்படி, டீக்கடைக்காரரும் மெஸ் நடத்துபவரும் உரிமமோ பதிவுக் கட்டணமோ இன்றிப் பொது வைஃபை நடத்தலாம். பயன்படுத்துவோரை உறுதி செய்து கணக்கு வைக்கும் வேலையை இதற்கென்று பதிவு செய்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும். இத்தகைய சிறு கடைகளுக்கு 200 மெகாபிட் வரையிலான இணைப்பை வீட்டு விலையின் இரு மடங்குக்கு மேல் விற்கக்கூடாது என்று 2025 ஜூனிலே டிராய் ஆணையிட்டது. நாம் நாள்தோறும் சாப்பிடும் மெஸ்காரரிடம் இதை எடுத்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

நாம் செய்யவேண்டியவை

குறை சொல்லி நிறுத்துவது மாணவருக்கு அழகன்று. ஆகவே நம் மன்றத்துக்குச் சில யோசனைகள் கூறுகிறேன்.

முதலாவது, வீடு பிடிக்கும் அன்றே, பாத்திரம் யார் கழுவுவது என்று பேசுகிறோமே, அதோடு இணைப்பையும் பேசிவிட வேண்டும். யார் பெயரில், யார் எவ்வளவு, இடையில் போகிறவருக்கு என்ன கணக்கு. அரைத்தாளிலே எழுதி நால்வரும் கையெழுத்திட்டால் போதும்.

இரண்டாவது, முறை வகுக்க வேண்டும். இரவு 8 முதல் 11 வரை பேச்சுக்கும் படிப்புக்கும். பெரிய இறக்கமும் ஏற்றமும் நள்ளிரவுக்கு மேல். எவருக்கேனும் மறுநாள் தேர்வோ விண்ணப்பக் கடைசி நாளோ என்றால் அன்றைய மடை அவருக்கு.

மூன்றாவது, பெட்டியைச் சீர்படுத்த வேண்டும். வரிசைகளைப் பிரிக்கும் ஏற்பாடு, விருந்தினர் இணைப்பு, நல்ல கடவுச்சொல், வீட்டின் நடுவிலே உயரமான இடம். விஞ்ஞான மாணவர்கள் பத்துப் பேர் இருக்கும் மன்றத்திலே, ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவர் போய்ப் புது மாணவர் வீடுகளில் இதைச் செய்து தர முடியாதா? என் பெயரை முதலிலே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆண்டுதோறும் ஜூலையிலே தமிழ்நாட்டிலிருந்து புதியவர்கள் வருகிறார்கள். நகரம் புதிது, மொழி புதிது. முதல் வாரம் முழுதும் அவர்களுக்கு ஊரோடு உள்ள உறவு அந்த ஒரு கம்பிதான். 'அண்ணா, வைஃபை கடவுச்சொல் என்ன?' என்பதே பலர் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி. கடவுச்சொல்லைச் சொல்லும்போதே முறையையும் சொல்லிக்கொடுப்போம். ராஞ்சிக்காரரும் லாத்தூர்க்காரரும் பாலக்காட்டுக்காரரும் திருநெல்வேலிக்காரரும் ஒரு மடையிலே சண்டையின்றிப் பாய்ச்சப் பழகிவிட்டால், நாளைக்கு நாடு காவிரியையும் கிருஷ்ணையையும் பற்றி வழக்காடும்போது, பங்கிட்டு வாழ்வது எப்படி என்று அறிந்தவர் சிலராவது அந்த மேசையிலே இருப்பார்கள்.